பத்திரத்தில் யார் பேர்?

பெயர் வேண்டாம், வேளச்சேரி: நானும் என் தோழியும் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாணம் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. என் பெயரில் ஒரு ஃபிளாட் வாங்கப்போகிறேன். அவர் 20 லட்சம் தருகிறார். "என் பேரெல்லாம் எதுக்கு?" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

அவருடைய பெருந்தன்மை வாழ்க. ஆனால் அந்த 20 லட்சம் அன்பளிப்பா, கடனா, பங்கா? முதலில் அதைப் பேசுங்கள்.

அன்பளிப்பு என்றால் வருமான வரி இலாகா உங்களைத் தேடி வரும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் மொத்தமும் உங்கள் வருமானம். மனைவி உறவினர் பட்டியலில் இருக்கிறார், காதலி இல்லை. கடன் என்றால் தேதி, வட்டி, கெடு எல்லாம் போட்டு எழுதுங்கள். நாளைக்கு வீடு மூன்று மடங்கு விலை போனாலும் அவருக்கு அசலும் வட்டியும்தான். அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

பங்கு என்றால் பத்திரத்தில் அவர் பேர் ஏற வேண்டும். பேர் உங்களுக்கு, பங்கு வாய்வார்த்தையில் அவருக்கு என்று வைத்துக்கொண்டால் பினாமிச் சட்டம் எட்டிப்பார்க்க இடமிருக்கிறது. பினாமி என்றதும் மந்திரியின் டிரைவர் பேரில் இருக்கும் எஸ்டேட்தான் நமக்கு ஞாபகம் வரும். 1988-ல் வந்து, 2016 திருத்தத்தில் பல் முளைத்த அந்தச் சட்டம், கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பேரிலோ பிள்ளை பேரிலோ வாங்கினால் விட்டுவிடுகிறது. சேர்ந்து வாழ்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மாட்டினால் சொத்து பறிமுதல். 1 முதல் 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. பணம் கொடுத்தவர் "வீடு என்னுடையது" என்று கோர்ட்டுக்குப் போகவும் முடியாது.

க., திருச்சி: கல்யாணம் ஆகாத ஜோடியின் பெயரில் பத்திரம் பதிவார்களா?

தாராளமாக. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்தான் கல்யாணப் போட்டோ கேட்பார்கள். சார்பதிவாளர் ஆதாரும் பான் கார்டும் கேட்பார். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று 2010-லேயே, நடிகை குஷ்பு மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தபோது, சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ஐ.டி. ஊழியை, சோழிங்கநல்லூர்: இருவர் பேரிலும்தான் வாங்குகிறோம். நான் 60, அவர் 40. அதையும் பத்திரத்தில் எழுத வேண்டுமா?

எழுதாவிட்டாலும் 1882-ஆம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு உங்கள் பக்கம்தான்: யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. ஆனால் விகிதத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி என்று எடுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் 10 சதவீதம் காற்றோடு போச்சு.

பத்திர எழுத்தர் பழைய ஃபைலைத் திறந்து, பேரை மட்டும் மாற்றி, "இருவரும் கூட்டாகக் கிரயம் பெற்று" என்று அடித்துக்கொண்டு வருவார். டிராஃப்டைக் கையில் வாங்கி, கிரயத்தொகை பத்தியைப் படியுங்கள். எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எந்த ஆர்.டி.ஜி.எஸ். எண்ணில் யார் எவ்வளவு கொடுத்தது என்று அங்கே இருக்க வேண்டும். அடுத்த வரியில் "பிரிபடாத 60 சதவீத பாகம், 40 சதவீத பாகம்" என்று தெளிவாக வரட்டும். இ.எம்.ஐ.யை நாளைக்கு ஒருவரே கட்ட நேர்ந்தால் இந்த விகிதம் தானாக மாறாது. அதற்குத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ம., மதுரை: வீட்டில் தெரியக்கூடாது என்று 6 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். தவறா?

வீட்டுக்குத் தெரியாது, சரி. கோர்ட்டுக்கும் தெரியாதே! கடனாகவோ சொத்து அட்வான்ஸாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கோவை: வீடு அவர் பேரில். இ.எம்.ஐ. அவர் கட்டினார், மளிகை, கரண்ட் பில், மெயின்டனன்ஸ் எல்லாம் நான். ஐந்து வருடம். எனக்குப் பங்கு உண்டா?

நியாயப்படி உண்டு. சட்டப்படி கையில் எதுவும் இல்லை. நீங்கள் மளிகை வாங்கியதால்தான் அவரால் இ.எம்.ஐ. கட்ட முடிந்தது என்பது எந்த அண்ணாச்சிக்கும் புரியும். ஆனால் பலசரக்கு ரசீது கிரயத்தொகை ஆகாதே. கல்யாணம் ஆனவர்களுக்கே இங்கே பாதி வீடு தானாக வருவதில்லை. கோவா விதிவிலக்கு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது மனைவிக்கு. இனிமேலாவது இ.எம்.ஐ.யில் பாதியை உங்கள் கணக்கிலிருந்து அனுப்பி, பாதி மளிகையை அவர் தலையில் கட்டுங்கள். கூடவே பங்கை எழுதி வாங்குங்கள்.

ர., சேலம்: மாடுலர் கிச்சன் என் செலவு. பங்கு உண்டா?

கிச்சனில் உண்டு.

பெயர் வெளியிட வேண்டாம், புதுச்சேரி: இருவர் பேரிலும் வீடு இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் முழு வீடும் எனக்குத்தானே?

இல்லை. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், மனைவி மக்கள் இல்லாத பட்சத்தில், அவர் பங்கு அம்மாவுக்குப் போகும். அதாவது, உங்களை இன்றுவரை வாசற்படி ஏற்றாத அந்த அம்மாதான் மறுநாள் முதல் உங்கள் கூட்டு உரிமையாளர்! ஆளுக்கொரு உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் அம்மா அப்படி என்றால், பதிந்துவிடுங்கள்.

த., அம்பத்தூர்: பிரிந்துவிட்டோம். அவர் விற்கவும் மாட்டேன் என்கிறார், என் பங்கை வாங்கவும் மாட்டேன் என்கிறார்.

நீங்கள் பிரிந்தாலும் வங்கி பிரியாது. கூட்டுக் கடனில் முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு. தவணை தவறினால் இருவர் சிபில் ஸ்கோரும் விழும். பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஃபிளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்பதால், 1893-ஆம் வருடச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வருடக்கணக்கில் ஆகும். சமாதானமாகி ஒருவர் மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதினாலும், குடும்பத்தாருக்கு உள்ள சலுகைக் கட்டணம் உங்களுக்குக் கிடையாது. முத்திரைத் தீர்வையே 7 சதவீதம். வாங்கப்போகிறவர்கள் கவனிக்க: பிரிந்தால் யார் முதலில் வாங்கலாம், விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் பணம் தர வேண்டும், அதுவரை தவணை யார் பொறுப்பு என்று சிரித்துப் பேசும் காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

எஸ்., தஞ்சாவூர்: இவ்வளவு தலைவலிக்குப் பேசாமல் கல்யாணமே பண்ணிக்கொள்ளலாமே சார்?

பண்ணலாம். பினாமி பயம் பெரும்பாலும் போகும், 50,000 ரூபாய் வரம்பு போகும், செட்டில்மென்ட் கட்டணம் குறையும். பத்திரத்தில் பேர் மட்டும் தானாக ஏறாது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள்.