கொம்பியூட்டர் ஸ்டக்காகி நிற்றல்: ஹட்டன் வட்டார ஆய்வொன்று

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் உள்ளடக்கிய இவ்வாய்வுப் பிரதேசத்தில், மேசைக் கொம்பியூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டக்காகி நிற்பது மழைக்கும் மூடுபனிக்கும் அடுத்தபடியாக யாவரும் அறிந்த இயற்கை நிகழ்வு. கரன்ட் போய் அணைவதையும், நீலத்திரையில் எதையோ எழுதிக் காட்டிவிட்டுத் தானே திரும்ப எழும்புவதையும் இதனோடு குழப்பக் கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடே இருண்டதாக அமைச்சர் கூறினார். அன்று நின்றுபோன கொம்பியூட்டர்கள் குரங்கியலுக்கு உரியவை, எமக்கல்ல. நாம் எடுத்துக்கொண்ட நிலையில் காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், மவுஸின் அம்பு மட்டும் நட்ட இடத்தில் நிற்கும். கெப்ஸ் லொக் பொத்தானை அமுக்கிப் பார்ப்பது இதற்கான முதற்சோதனை. அதன் விளக்கு மாறினால் ஏதோவொரு மென்பொருள்தான் முடங்கியிருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம். மாறாவிட்டால் இயந்திரம் முழுதும் நின்றுவிட்டது. தோட்டக் கணக்கில் சொன்னால், பத்து மணிவரை கொழுந்தெடுத்துவிட்டு மலையிலேயே அசையாமல் நின்ற ஆளுக்குப் போடுவதுபோல இதற்கும் அரைப்பேர்தான் (அரைநாள் கூலிதான்) போடலாம்.

இந்த நிகழ்வில் ஆய்வாளரின் கவனத்துக்குரியது நிற்பதல்ல, நிற்காமற் போவதுதான். லயத்து வீட்டில் காலையும் மாலையும் நின்ற பெட்டி, ஆட்டோவில் ஏறி ஹட்டன் நகரத்துத் திருத்தும் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. “இங்க நல்லாத்தானே வேல செய்யுது” என்று கடைக்காரர் சொல்வதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது; உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆயினும் வந்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டுமே, வைரஸ் என்று சொல்லிப் போமட் அடித்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சில கிழமை ஒழுங்காக ஓடுவதால் போமட்வாதம் வெற்றி பெற்றதாகக் கருதப்படுகிறது. பனையே இல்லாத ஹட்டனில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது இப்படித்தான். போமட் அடிக்கும் முன் கடைக்காரர் மூடியைக் கழற்றித் தூசியை ஊதுகிறார், ரேமை உருவி அதன் விளிம்பை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுகிறார். ஒரே நாளில் செய்த இந்த மூன்று வேலைகளில் கட்டணச் சீட்டில் ஏறியது போமட் ஒன்றே. புகழும் அதற்கே போய்விட்டது.

ஏனைய வாதங்களையும் புறக்கணிப்பது முறையல்ல. சூட்டுவாதிகள் புரொசெசர் கொதித்து நிற்கிறது என்பர். கொழும்பில் இது பலிக்கும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை வீதம் கணக்கிட்டால் கொழும்பைவிட எட்டுப் பாகை குளிர். இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவதால் காற்றாடிக்குச் சற்று நட்டம்தான், ஆனாலும் குளிரின் இலாபம் அதை விழுங்கிவிடுகிறது. கரன்ட் ஒழுங்கில்லாததால் நிற்கிறது என்னும் கரன்ட்வாதிகளுக்கோ மண்ணின் பெருமையே எதிர்ச்சாட்சி. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் நீர்மின் திட்டத்தை முன்வைத்தது இந்த மலையாறுகளை நம்பித்தான். நோர்ட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பக்கத்தில் உற்பத்தியானதால் மட்டும் கரன்ட் ஒழுங்காக வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் வோல்ட் சட்டென விழுந்தால் பெட்டி அணையும் அல்லது திரும்ப எழும்பும்; விளக்கை எரியவிட்டு அம்பை மட்டும் நிறுத்தி வைக்கும் நளினம் அதற்கு வராது. பவர் சப்ளையின் உள்ளே கொண்டன்சர் வீங்கியிருந்தால் மட்டும் இவ்வாதத்துக்கு இடம் கொடுக்கலாம். அந்த வீக்கம் கண்ணுக்கே தெரியும்.

எல்லோரிலும் மதிக்கத்தக்கவர்கள் அண்டக்கதிர்வாதிகள். இவ்வட்டாரத்தில் இன்னும் ஒருவரும் இந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக அதற்குப் பதில் சொல்லாமல் விடுவது கோழைத்தனம். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்த கதிர்கள், நினைவகச் சில்லொன்றில் பூச்சியத்தை ஒன்றாகப் புரட்டிவிடக் கூடும் என்று ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்ளர் 1979இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். உயரம் கூடக் கதிரும் கூடும் என்பதால் கொலராடோ மலைமேல் லெட்வில் என்ற ஊருக்கே சில்லுகளைக் கொண்டுபோய் ஐபிஎம் சோதித்தது. மலைநாட்டுக்கு இதைவிடக் கௌரவமான விளக்கம் கிடைக்காது; விட்டுக்கொடுக்க மனமில்லைதான். ஆயினும் பூமத்திய ரேகைக்கு அண்மையில் பூமியின் காந்தப்புலம் அக்கதிர்களைக் கூடுதலாகத் திருப்பிவிடுகிறது. இரண்டாவது தடை இன்னும் வலியது: அண்டவெளியிலிருந்து வரும் நோய்க்குப் பாடசாலை அழிறப்பர் மருந்தாக முடியாது.

ஆகவே அழிறப்பர் எதைத் தொடுகிறதோ அங்கேதான் காரணமும் இருக்க வேண்டும். ரேமின் விளிம்பிலுள்ள தொடுகைகள் பொன்முலாம் பூசியவை. பொன் துருப்பிடிக்காதே என்று ஆட்சேபிக்கலாம். பூச்சின் தடிப்பு ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கினால் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் மங்கத் தொடங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்தை நிறம் மாற்றுகிற அதே ஒட்சிசன்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அங்கே காற்றின் ஈரத்தை அளக்க உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. பூத்தையல் போட்ட துணியால் மூடி வைத்த கொம்பியூட்டருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. இதோடு, பெட்டி ஓடும்போது சூடாகி, அணைத்ததும் பனியில் குளிர்வதால் உலோகம் விரிந்து சுருங்கி, சொருகியவை மயிரிழை மயிரிழையாக இடம் பெயரும். 1980இல் வந்த அப்பிள் III இதற்குப் பேர்போனது; சில்லுகள் கிளம்பிய பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் தொப்பென்று போடும்படி பாவனையாளருக்கு ஆலோசனை சொன்னதாக அதன் வரலாறு கூறுகிறது.

அப்பிள் கையால் ஒருமுறை செய்யச் சொன்னதைத் தோட்டத்து ரோட்டு, டிவிஷனிலிருந்து பிரதான வீதிவரை இடைவிடாது செய்கிறது. குழிக்குக் குழி ரேம் தன் பள்ளத்தில் உரசுகிறது, மேற்படலம் சுரண்டப்படுகிறது, தொடுகை திரும்பக் கிடைக்கிறது. கடை வாசலில் இறங்கும்போது பெட்டி குணமாகிவிட்டது. கடைக்காரர் பார்ப்பது நோய் தீர்ந்த உடம்பை. திரும்பி வரும் வழியிலும் இதே சேவை இலவசமாகக் கிடைப்பதால் சில கிழமைக்குக் கவலையில்லை, பிறகு பனி தன் வேலையைத் தொடங்கும். குலுங்கினால் ஹார்ட் டிஸ்க் கெடாதா என்று கேட்கலாம். அணைத்திருக்கும் டிஸ்க் தன் தலைகளைத் தரவுள்ள இடத்தைவிட்டு ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஓடும் டிஸ்க்குக்குத்தான் அடி ஆபத்து, ஆட்டோவில் எவரும் கொம்பியூட்டரை ஓடவிட்டுக் கொண்டுபோவதில்லை. குலுக்கல் ரேமை இறுக்குவதற்குப் பதில் தளர்த்தியும் விடலாமே என்ற கேள்வி நியாயமானது. தளர்த்தவும் செய்யும். அப்போது பெட்டி கடையிலும் நிற்கும், கடைக்காரர் நோயை நேரில் கண்டு திருத்துவார். அவ்வகைப் பெட்டிகள் திரும்பவும் அதே குறையோடு வருவதில்லை என்பதால் பேச்சில் அடிபடுவதுமில்லை.

இக்கொள்கையை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். பிளக்கைக் கழற்றி, கையை இரும்புச் சட்டத்தில் ஒருமுறை தொட்டு, ரேமை உருவித் திரும்பச் சொருக வேண்டும். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்ட வேண்டும். சந்தேகம் தீராதவர்கள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடலாம். பயணமே போகாமல் பயணத்தின் பலன் கிடைத்தால் வைரஸ் கட்சிக்குப் பதில் சொல்ல வாயிராது. அழிறப்பரை மட்டும் ஆசையோடு தேய்க்க வேண்டாம், இருக்கிற கொஞ்சப் பொன்னும் போய்விடும். தோட்டத்து ரோட்டுகளுக்குக் காபட் போட வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழுவதை ஆய்வாளர் கவனித்தே வருகிறார். அது நிறைவேறும் ஆண்டில் ஹட்டன் கடைகளுக்குக் கொம்பியூட்டர்கள் முதன்முறையாக எல்லாமே பழுதோடு வந்து சேரும். அதற்குள் கடைக்காரர்கள் அழிறப்பர் போதியளவு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.