குப்புறக் கவிழ்ந்த சரித்திரம்

1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிக்கொண்டதைப் பாடப்புத்தகம் சொல்லும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது. அன்றைக்குப் பக்கத்துப் பெரணமல்லூரில் கைக்குழந்தைகள் எந்தப் பக்கம் படுத்திருந்தன என்று மட்டும் எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. நான் எழுதுகிறேன்: மல்லாக்க. தூளியில் போட்ட பிள்ளை வேறு எப்படிப் படுக்கும்?

எங்கள் பக்கத்துத் தறி வீடு ஒன்றில் எட்டிப் பாருங்கள். குழியில் காலை இறக்கி உட்கார்ந்து அப்பா நெய்வார். எதிரே ராட்டையை வைத்துக்கொண்டு அம்மா தார் சுற்றுவாள். உத்திரத்திலிருந்து ஒரு புடவைத் தூளி, தூளியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனி அம்மாவின் கால் கட்டைவிரலில். கை பட்டுக்கு, கால் பிள்ளைக்கு. நாடா போய்வரும் சத்தம்தான் தாலாட்டு. தறி நின்றால் பிள்ளை விழித்துக்கொள்ளும். அப்பா டீக்கடைக்குப் போன சேதி தெருவுக்கே தெரிந்துவிடும். ஊரெல்லாம் கட்டப் பட்டு நெய்கிற வீட்டில் தூளிக்கு மட்டும் நைந்த நூல் புடவைதான்.

"ஏன் ஆயா, கொயந்தைய மல்லாக்கவே போடற?" என்று சின்ன வயதில் என் ஆயாவைக் கேட்டிருக்கிறேன்.

"பின்ன? கவுத்துப் போட அது இன்னா பானையா?" என்றாள்.

பானைக்கும் பிள்ளைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மேல்நாட்டு வைத்தியத்துக்கு அரை நூற்றாண்டு ஆனது.

பிள்ளையைத் தூங்கவைப்பதில் உலகம் பட்ட பாடு புராண காலத்துப் பழசு. சாலமோன் ராஜாவின் தீர்ப்பு நினைவிருக்கும்; ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாக்கள், நடுவில் ஒரு வாள். அந்த வழக்கு ஏன் வந்தது? இன்னொரு பிள்ளை இராத்திரி தூக்கத்தில் தாயின் உடம்புக்கடியில் சிக்கி இறந்துபோனதால். நாம் வாளை நினைவில் வைத்துக்கொண்டு படுக்கையை மறந்துவிட்டோம். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தார் மறக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிள்ளைமேல் கூண்டு மாதிரி கவிழ்த்துவைக்க மரச்சட்டம் ஒன்று செய்தார்கள். செவிலி தூக்கத்தில் புரண்டாலும் சட்டம்தான் இடிபடும், பிள்ளை தப்பிக்கும். சட்டத்தை வைக்காத செவிலியைத் திருச்சபையை விட்டே தள்ளி வைப்போம் என்றும் மிரட்டினார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

அப்புறம் அமெரிக்கா. பின்னாளில் ஜனாதிபதி மனைவியான எலினோர் ரூஸ்வெல்ட், பிள்ளைக்கு நல்ல காற்று வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மகளைக் கோழிக்கூண்டுக் கம்பிப் பெட்டியில் போட்டு நியூயார்க் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி, குழந்தை வதை என்று புகார் கொடுப்பதாக மிரட்டினாளாம். நாம் உத்திரத்தில் தொங்கவிட்டோம், அவர்கள் தெருவில் தொங்கவிட்டார்கள். நாகரிகம் என்பது சில சமயம் ஒரு சுவர் வித்தியாசம்தான்.

இப்போது கதாநாயகர் நுழைகிறார்: டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக். 1946-இல் வெளிவந்த அவருடைய குழந்தை வளர்ப்புப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அம்மாக்களுக்கு அதுதான் பஞ்சாங்கம். மனிதர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் படகோட்டித் தங்கம் வாங்கியவர். படகுப் போட்டியில் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னேற வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, பிள்ளைகளும் உலகத்துக்கு முதுகைக் காட்டட்டும் என்று 1950-களின் பதிப்பில் சொல்லிவிட்டார். மல்லாக்கப் படுத்தால் கக்கின பால் தொண்டையில் அடைக்குமாம், மண்டையும் தட்டையாகிவிடுமாம். எனவே குப்புறப் போடுங்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் ஆபத்து. உண்மையில் பிள்ளை மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கின பால் பள்ளத்தைப் பார்த்து வயிற்றுக்கே திரும்பும். குப்புறப் போட்டால் இடம் தலைகீழ்: மூச்சுக்குழல் கீழே வந்துவிடும். போதாததற்கு முகம் மெத்தையில் புதைந்து, விட்ட மூச்சையே பிள்ளை திரும்ப இழுக்கும். உடம்பு சூடேறும். தூக்கம் ஆழமாகி, மூச்சு முட்டினாலும் விழிப்பு வராது. வீறிட்டு அழுது ஊரைக் கூட்ட வேண்டிய நேரத்தில் பிள்ளை அமைதியாகிவிடும். தொட்டில் மரணம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1969-இல் ஒரு மாநாட்டில் இலக்கணம்கூட வகுத்தார்கள். பெயர் வைத்தாயிற்று, இலக்கணம் எழுதியாயிற்று. பிள்ளையைத் திருப்பிப் போடத்தான் ஆளில்லை.

ஆளே இல்லை என்பதும் பொய். 1944-லேயே நியூயார்க்கில் ஹாரல்ட் ஏப்ரம்சன் என்ற மருத்துவர், மூச்சுத் திணறி இறந்ததாகப் பதிவான பிள்ளைகளில் பலர் குப்புறக் கிடந்ததைக் கவனித்து எழுதினார். யார் கேட்டார்கள்? 1985-இல் ஹாங்காங்கிலிருந்து டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு சங்கதி சொன்னார்: இங்கே தொட்டில் மரணம் அபூர்வம், இந்த ஊர் அம்மாக்கள் பிள்ளையை மல்லாக்கத்தான் போடுகிறார்கள். 1987-இல் நெதர்லாந்து, குப்புறப் போடாதீர்கள் என்றது. நியூசிலாந்து பெரிய ஆய்வு நடத்தி அதையே சொன்னது. பிரிட்டனில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் 1991-இல் தன் மகனைப் பறிகொடுத்தார். நியூசிலாந்தில் சொல்வதை இங்கே ஏன் சொல்லவில்லை என்று அரசாங்கத்தைக் கேட்டார். அந்த வருஷ டிசம்பரிலேயே பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அமெரிக்கா 1994-இல் தன் பிரசாரத்தைத் தொடங்க, அங்கேயும் ஏறக்குறைய பாதியானது. மருந்தில்லை, ஊசியில்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

2005-இல் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 1970-இலேயே கையில் இருந்த ஆதாரங்களை யாராவது ஒழுங்காகக் கூட்டிப் பார்த்திருந்தால், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் குறைந்தது 50,000 பிள்ளைகள் பிழைத்திருக்கலாம் என்று வந்தது. இந்த இடத்தில் எனக்கும் கிண்டல் வரவில்லை.

மல்லாக்கப் போட்டதும் புதுக் கவலை வந்தது: பிள்ளைகளின் பின்மண்டை தட்டையானது. ஸ்பாக் அந்த ஒரு விஷயத்தில் சரி! அதற்கென 'டம்மி டைம்' (tummy time) என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருக்கும்போது பிள்ளையைக் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடுவது. கழுத்தும் தோளும் வலுப்படும்.

இதைக் கேட்டால் ஒட்டக்கூத்தர் சிரிப்பார். 12-ஆம் நூற்றாண்டில் சோழச் சக்கரவர்த்தி குலோத்துங்கனையே பிள்ளையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடியவர் அவர். அந்த இலக்கியத்தில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர்: கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆட்டுவது. அரசனைத் தரையில் குப்புறப் போட்டும் பொற்கிழி வாங்க ஒரு புலவனால்தான் முடியும்.

ஆயாவும் பிள்ளைத்தமிழ் படிக்காமலே இதைச் செய்தாள். திண்ணையோரம் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு, முதுகில் வெந்நீர் ஊற்றித் தேய்ப்பாள். பிள்ளை தலையைத் தூக்கித் தெருவையே திட்டும்.

அதற்காக ஆயாவை அறிவாளி பீடத்தில் ஏற்ற வேண்டாம். அதே ஆயாதான் மூக்கில் ஊதினாள், காதில் எண்ணெய் விட்டாள், அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை போட்டாள். பிள்ளையை மல்லாக்கப் போட்டது ஞானத்தால் இல்லை. தூளியின் வளைவு வேறு வழி விடவில்லை. அந்தத் தூளியும் தூங்கவிட உகந்ததில்லை என்கிறார்கள் மருத்துவர்கள்: வளைவில் தாடை மார்பில் முட்டும், துணி முகத்தை மூடும். பக்கத்திலேயே கிடந்த கோரைப்பாய், வெறும் தரை, தட்டையான கெட்டி இடம், அதுதான் சரியான படுக்கை. சரியான பதில் பாயில் இருந்தது. நாம் தப்பான காரணத்துக்காகத் தூளியில் பாதி மதிப்பெண் வாங்கினோம்.

ஆகவே, தறி வீடானாலும் மாடி வீடானாலும், முதல் ஒரு வருஷம் பிள்ளையைத் தூங்கப்போடும்போதெல்லாம் மல்லாக்கப் போடுங்கள். தட்டையான, கெட்டியான, தனிப் படுக்கை. உங்கள் அறையிலேயே இருக்கட்டும். தலையணை, கடுகு மூட்டை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். அந்த வீட்டில் பீடியும் வேண்டாம். தானாகவே இருபுறமும் புரளக் கற்ற பிள்ளை தூக்கத்தில் புரண்டால் எழுப்பித் திருப்ப வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது நாளைக்கு இரண்டு மூன்று தடவை, மூன்று முதல் ஐந்து நிமிஷம், கண்ணெதிரே குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். போகப் போக நேரத்தைக் கூட்டுங்கள். குப்புறக் கிடந்தபடி கண் சொக்கினால் உடனே திருப்பிவிடுங்கள்.

கவிழ்த்து வைக்க வீட்டில் பானை இருக்கிறது.