எத்தனை கட்டை?

நாதஸ்வரம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் வீட்டில் கேட்பது, "எதுக்கு?" வாத்தியம் செய்யும் ஆசாரி கேட்பது, "எத்தனை கட்டை?", அதாவது எந்தச் சுருதி. முதல் கேள்விக்கு எங்கள் புதுப்பட்டினம் கோஷ்டியில் எவரிடமும் பதில் கிடையாது. இரண்டாவதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். வில்லங்கமே அங்கேதான்.

கோஷ்டி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பணி ஓய்வு பெற்ற இருவர், செல்போன் கடைத் தம்பி, நான். ஞாயிறு காலையில் கடலோரச் சவுக்குத் தோப்பில் ஊதுவோம். ஊருக்குள் வந்து ஊதச் சொல்லி யாரும் எங்களை வற்புறுத்தியதில்லை.

மூத்தவரிடம் இருப்பது அவர் தாத்தா வழி வந்த திமிரி. குட்டை, நாலரைக் கட்டை. சுவாமி தெற்கு வீதியில் திரும்பும்போதே வடக்கு வீதிக்காரர்கள் தேங்காய் பழத்தட்டோடு வாசலுக்கு வந்துவிட வேண்டும், அதற்கான சத்தம். தம்பி வாங்கியதோ பாரி. நீளமானது, இரண்டரைக் கட்டை. நான் திமிரிக்காரன். நாலாமவர் சண்டை வேண்டாமென்று இடைபாரி வாங்கி, இரு தரப்புக்கும் ஆகாதவரானார்.

பாரியைப் பரவலாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் கேட்க, செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. வீதியை விட்டு மேடைக்கும் மைக்குக்கும் வந்த வாத்தியத்துக்கு அந்த இறக்கம் தேவைப்பட்டது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீட்டு உத்தரத்தில் ஊறிய ஆச்சா மரம்தான் அதற்கு உகந்தது. அதனால் எங்கே பழைய வீடு இடிக்கிறார்கள் என்றாலும் தம்பி முதல் ஆளாய்ப் போய் நிற்கிறான்.

டியூபா என்னும் பித்தளை வாத்தியம் ஊதும் வெள்ளைக்காரர்களுக்கும் இதே பாடு உண்டு. 1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற முதல் டியூபா நம் கணக்கில் நாலு கட்டை. பிறகு இரண்டரை, ஒன்று, அதற்கும் கீழ் ஸ்தாயியில் ஆறரை என்று பெருகியது. ஆறரைக்காரனின் குழாயை நீட்டினால் பதினெட்டு அடி! இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்களில் இரண்டரையும் ஆறரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இருந்தும் சண்டை வருவதில்லை. சுருதி வித்தியாசத்தைக் கணக்கிட்டு அவரவருக்குத் தனித்தாள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

காதால் கேட்டுப் பழகும் எங்களுக்குத் தாள் ஏது? நாலு பேரும் ஒரே வர்ணத்தை ஒரே விரலடியில் பிசகாமல் ஊதுகிறோம். தனித்தனியே கேட்டால் எவர் மேலும் குற்றமில்லை. சேர்த்துக் கேட்டால் பஞ்சாயத்துக் கூட்டம்.

"பிரம்மசுரத்துல மெழுகு அடைச்சாச் சரியாயிடும் தம்பி" என்பார் மூத்தவர். அடிப்பக்கத் துளைகளில் மெழுகை அடைத்து இழை அளவு வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம்தான். இரண்டு கட்டை வித்தியாசத்துக்கு மெழுகுவத்திக் கடையையே அடைத்தாலும் போதாது.

"அண்ணே, நீங்களும் பாரிக்கு வந்துடுங்களேன்" என்றான் தம்பி. "இந்தக் கடல் காத்துல உன் பாரி உனக்கே கேக்குதாடா?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கற்றுக்குட்டிகள் கூடி ஊத பாரியே மேல் என்பது, கையில் திமிரி வைத்திருக்கும் என் கட்சி. தப்பு செய்தால் பக்கத்துத் தெரு வரைக்கும் போகாது.

ஆகவே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கம் யார் வீட்டிலாவது இரண்டரைக் கட்டைப் பாரி சும்மா தூங்கினால் சொல்லி அனுப்புங்கள். மூன்று வேண்டும். திமிரி இருந்தால் தயவுசெய்து அங்கேயே இருக்கட்டும்.