வேலிக்கு எட்டு ஓணான்

மருமகனே, எட்டுக் காமிரா மாட்டியிருக்கே, சந்தோசம். வீட்டுல திருடுறதுக்கு எட்டுச் சாமான் இருக்கான்னு எண்ணிப் பாத்தியா? தூக்கம் வராம நான் எண்ணிப் பாத்தேன். அக்கா கல்யாணத்துக்கு எங்க அய்யா வாங்கிக் குடுத்த பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணு. உன் லேப்டாப்பு ஒண்ணு, அதையும் நீ ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிருதே. நகை பாங்கு லாக்கர்ல இருக்கு. மிச்சத்துல விலை கூடினது இந்தக் காமிராவும் அதைச் சேத்துக் கட்டின, படம் பதியுற டிவிஆர் பெட்டியுந்தான். அந்தப் பெட்டியை நீ டிவிக்குக் கீழ, நாலு பச்சை விளக்கு மினுமினுக்க, பூமாலை போடாத குறையா வச்சிருக்கே. வாற திருடன் முதல்ல அதைத்தான் கையில எடுப்பான். எடுத்துட்டுப் போறப்ப அவன் முகமும் அதுக்குள்ளயே அவன் கூடப் போயிரும். உனக்கு வேலை மிச்சம்.

கோவிச்சுக்கிடாதே. தாய்மாமன் சொல்லாம வேற யாரு சொல்லுவா? கல்கத்தாச் சாந்தினி மார்க்கெட்டுக்கு உன் கூட வந்தவன் நானுந்தான். மெட்ரோவை விட்டு மேல ஏறினதும் ரெண்டு பக்கமும் காமிராவாத் தொங்குச்சு. உனக்குக் கண்ணு எங்க நிக்குது? கடைக்காரர் நாலு போதும்னுதான் ஆரம்பிச்சார். எட்டுச் சேனல் பெட்டிக்கு நாலு மாட்டினா மிச்ச ஓட்டை சும்மா கிடக்குமேன்னு கவலைப்பட்டது நீதான். ஓட்டை சும்மா கிடந்தா உனக்கு என்ன டே?

நீ குடியிருக்கிறது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சந்து. எதுத்த வீட்டு மாடியில ஒரு வயசான அம்மா, மாஷிமான்னு கூப்பிடுவோம், விடிஞ்சதுல இருந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. காய்கறி வண்டி வந்தா கயித்துல பையை இறக்குதாக. பை மேல வாறதுக்குள்ள இந்தச் சந்துல யாரு வீட்டுக்கு யாரு வந்தான்னு கணக்கு முடிச்சிருதாக. நான் வந்த மறுநாளே, 'உன் தம்பிக்குச் சர்க்கரை உண்டா?'ன்னு அக்காகிட்ட கேட்டாகளாம். உன் எட்டுக் காமிராவும் ஒண்ணு கூடி அதைக் கண்டுபிடிச்சிருக்குமா? முனையில டீக்கடை, பழைய வீட்டு ரோயாக்குத் திண்ணையில நாலு பேரு அரட்டை, ராத்திரிக்கு விசில் ஊதிக்கிட்டு ஒரு காவல்காரன். மாசச் சந்தா இல்லை, பாஸ்வேர்டு இல்லை, கரண்டு போனாலும் பாக்கும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிடுதேன். அந்த ரோயாக்கு வீடுக ஒவ்வொண்ணா புரோமோட்டர் கைக்குப் போகுது. இடிச்சுட்டு அஞ்சு மாடி கட்டுதான். கீழ கார் நிப்பாட்டுற இடம், திண்ணைக்கு வழியே இல்லை. மாஷிமாவுக்கும் வயசு ஏறுது. பாடாவோட, இந்த அக்கம்பக்கத்தோட, கண்ணு மங்குற காலத்துல வாசலுக்கு ஒரு கண்ணு வேணுந்தான். நான் சண்டைக்கு நிக்கது அந்த வாசல் காமிராகிட்ட இல்லை. மத்த ஏழுகிட்ட.

இந்த வித்தையை முதமுதல்ல வீட்டுக்குன்னு யோசிச்சது யாரு தெரியுமா? அமெரிக்காவுல நியூயார்க்குல, குயின்ஸ் பக்கம் ஒரு நர்சம்மா. மேரி வான் பிரிட்டன் பிரவுன்னு பேரு. நேரங்கெட்ட நேரத்துல டூட்டி, புருசன் எலக்ட்ரானிக்ஸ் வேலை, அவரும் பல நாள் ராத்திரி வீட்டுல இருக்க மாட்டாரு. போலீசைக் கூப்பிட்டா வாறதுக்கு நேரமாகும். புருசனும் பொண்டாட்டியுமா 1966-ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டாக. 1969 டிசம்பர்ல கிடைச்சது. கதவுல வேற வேற உயரத்துல துளை, அந்தத் துளைக்கு நேரா ஏறி இறங்குற காமிரா, படுக்கைக்குப் பக்கத்துல டிவி. வெளிய நிக்கவன்கிட்ட உள்ள இருந்தே பேசலாம், கதவை அங்க இருந்தே திறக்கலாம், ஆபத்துன்னா ஒரு பொத்தானை அமுக்கலாம். அந்தம்மா காமிராவை எந்தப் பக்கம் திருப்பினாங்கிறதை மட்டும் கவனி. கதவுக்கு வெளிய. அடுப்பங்கரைப் பக்கம் இல்லை.

நீ கூடத்துல ஒண்ணு வச்சே பாரு, பேசுற காமிரா. அன்னைக்கு மத்தியானம் அக்கா சுவர்ல சாஞ்சு கண்ணசந்திருக்கா. உச்சியில இருந்து 'அம்மா, மாத்திரை போட்டியா?'ன்னு சத்தம். சால்ட் லேக் ஆபீசுல உக்காந்துக்கிட்டு நீ கேக்கே. அவ எந்திரிச்சு சாமி படத்தைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, 'போட்டுட்டேன் முருகா'ன்னா. நல்லவேளை, முருகன் அடுத்த கேள்வி கேக்கலை. அதுக்கப்புறந்தான் அந்தக் காமிரா மேல ஈரத்துண்டைக் காயப் போட ஆரம்பிச்சா. நீ 'சிக்னல் சரியில்லை'ன்னு ரெண்டு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டே. அவரு ஏணியில ஏறித் துண்டை எடுத்து மடிச்சு அக்கா கையில குடுத்துட்டு, கூலியை வாங்கிக்கிட்டுப் போனாரு. ரெண்டு தடவையும்.

அடுப்பங்கரையில வேற ஒண்ணு. அது வீட்டு வேலைக்கு வாற மாஷியைப் பாக்க. அவ கேனிங் பக்கத்துல இருந்து விடியக்கருக்கல்ல ரயிலேறி, பாலிகஞ்சுல இறங்கி, நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு சாயங்காலம் திரும்புறவ. உன் வீட்டுச் சாவிக்கொத்து இத்தனை வருசமா அவ இடுப்புல தொங்குது. சாவியைக் குடுத்தாச்சு, இப்பச் சர்க்கரை டப்பாவைக் காவல் காக்கே! உன் வீட்டுக்காரி போனுல அதைப் பெருசாக்கி, ரெண்டு கரண்டியா மூணு கரண்டியான்னு பாக்குறதை நான் பாத்தேன். மூணுதான். சாயாவை எனக்குத்தான் போட்டா. சர்க்கரை விசயத்தை எதுத்த வீட்டு மாஷிமாகிட்ட சொல்லிராதே. இன்னொண்ணும் கேட்டுக்கோ: பின்னறையில அவ சேலை மாத்துதா. அந்தப் பக்கம் காமிரா திரும்பிச்சுன்னா அது கேலி இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு. முதல் தடவைக்கே ஒரு வருசத்துக்குக் குறையாம, மூணு வருசம் வரைக்கும் உள்ள இருக்கணும். அங்கயும் காமிரா இருக்கும், அதுக்கு நீ காசு குடுக்க வேண்டாம்.

'என் வீடு, என் காமிரா'ன்னு சொல்லப் போறே. உன் வீடா அது? உங்க அய்யா காலத்து வீடு, மேல உன் தம்பி இருக்கான். மாடிப்படியில வச்ச காமிராவுல அவன் எப்ப வாறான், யாரைக் கூட்டிட்டு வாறான்னு உன் போனு டிங்கு டிங்குன்னு சொல்லுது. இதே கல்கத்தாவுல, ஒரே வீட்டுல இருக்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ரெண்டு பேருமே சொத்துக்கு டிரஸ்டி, இந்தக் காமிரா விவகாரத்துல ஐகோர்ட்டு வரைக்கும் போனாக. 2025 பிப்ரவரியில நீதிபதிகள் சப்யசாசி பட்டாச்சார்யாவும் உதய் குமாரும் தீர்ப்பு சொன்னாக: கூட இருக்கிறவன் சம்மதம் இல்லாம, குடியிருக்கிற பகுதிக்குள்ள காமிராவை ஓட்டக் கூடாது, அது அவனோட அந்தரங்க உரிமையை மீறுறது. 2017-ல ஒம்பது நீதிபதிக உக்காந்து சொன்ன புட்டசாமி தீர்ப்பு இருக்கே, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு, அதைத்தான் ஆதாரமாக் காட்டினாக. காமிராக்காரர் விடலை, டெல்லிக்குப் போனாரு. அதே வருசம் மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு தலையிட மாட்டேன்னுட்டுது. காமிரா எத்தனை ஆயிரம், வக்கீல் எத்தனை லட்சம்னு நீயே கூட்டிக்கோ. திருடன் வந்திருந்தாக்கூட இவ்வளவு போயிருக்காதே!

சரி, எட்டு வாங்கியாச்சு. டிஸ்க்குக் கணக்காவது போட்டியா? ரெண்டு மெகாபிக்சல் காமிரா, நிமிசத்துக்கு நிமிசம் விடாம ஓடினா, சுமாரா ரெண்டு எம்பிபிஎஸ்னு வை. ஒரு நாளைக்கு ஒரு காமிரா இருபத்தோரு ஜிபிக்கு மேல தின்னும். எட்டுக்கு நூத்தி எழுபதைத் தாண்டும். நீ போட்டிருக்கிறது ஒரு டிபி. ஆறு நாள் முடியுறதுக்குள்ள பழசு அழிஞ்சு, அது மேல புதுசு ஏறிரும். துர்கா பூஜை லீவுக்கு ஷாலிமார்ல கோரமண்டல் ரயில் ஏறி ஊருக்கு வந்து பத்து நாள் இருக்கேன்னு வை. சஷ்டி அன்னைக்குத் திருடு போனா, நீ திரும்பி வந்து பெட்டியைத் திறக்கையில, காலியான வீட்டை எட்டுக் கோணத்துல பாக்கலாம். இதுவே மூணு காமிரான்னா அதே டிஸ்க்கு பதினஞ்சு நாள் தாங்கும். அஞ்சைக் கழட்டினா ஒம்பது நாள் லாபம்.

வாசல் காமிராவைப் பன்னிரண்டு அடி உசரத்துல ஏத்தி வச்சிருக்கே. இதுவரைக்கும் அது பிடிச்சதெல்லாம் உச்சந்தலை. தபால்காரர், பேப்பர்க்காரன், உன் மச்சினன் மூணு பேரையும் வழுக்கையை வச்சுத்தான் பிரிக்க முடியுது. ஏழெட்டு அடியில இறக்கு. அகலமாப் பாக்குற 2.8 லென்சுல பத்துப் பன்னிரண்டு அடிக்கு அங்கிட்டு முகம் அடையாளம் தெரியாது. தெருக்கோடியைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா தெருக்கோடிதான் தெரியும், ஆளு தெரியாது. இந்த ஊரு திருடன் வாசல் வழியாத்தான் வருவான்னு எவன் சொன்னான்? மழைத்தண்ணிக் குழாயைப் பிடிச்சு ஏறுவான். பின்பக்கக் குழாய்க்கு ஒரு காமிராவைத் திருப்பு, குழாயில ஒரு முள்வளையமும் மாட்டு. கொலாப்சிபிள் கேட்டுல தொங்குது பாரு ஒரு பூட்டு, அக்கா கொண்டை ஊசியில திறக்கிறா. அதை மாத்து முதல்ல.

ராத்திரி ரெண்டு மணிக்கு உன் போனு அலறி, 'யாரோ உள்ள வந்துட்டான்'னு நீ கிரிக்கெட் மட்டையோட பாஞ்சே. நான் போயிப் பாத்தேன். லென்சுக்குக் குறுக்க ஒத்தை நூலு, சிலந்தி இழை. காமிராவைச் சுத்தி இருக்கிற சிவப்பு விளக்குப் பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்திக்குப் பல்லி வரும். கொஞ்சம் காத்தடிச்சா அந்த நூலு திரை முழுக்க வெள்ளையா ஆடுது. வாரத்துக்கு ஒருக்க ஒட்டடைக் கம்பை நீட்டு; ஆப்புல அதுக்குப் பொத்தான் கிடையாது. சித்திரையில கால்பைசாகிப் புயல் வந்து இடிக்கையில வயரு வழியா மின்னல் இறங்கிப் பெட்டியையே சுட்டுரும். சர்ஜ் புரொடெக்டரும் நல்ல எர்த்தும் இல்லாம மாட்டுறவன் காமிரா மாட்டலை, இடியைக் கூப்பிடுதான்.

பாஸ்வேர்டை மாத்தினியா? இல்லையே. பெட்டியோட வந்த 'அட்மின்' இன்னும் அப்படியே இருக்கு. எனக்கே தெரியுது, எதுத்த வீட்டு மாஷிமாவுக்குத் தெரியாமலா இருக்கும்? 2016-ல மிராய்னு ஒரு வைரசு கிளம்பி, கம்பெனிக்காரன் வச்ச பாஸ்வேர்டை மாத்தாத காமிராவையும் ரூட்டரையும் ஊருலகமெல்லாம் தேடிப் பிடிச்சுது. அந்த அக்டோபர்ல அமெரிக்காவுல பெரிய பெரிய இணையதளமெல்லாம் படுத்துருச்சு. வீட்டைக் காக்க வச்ச காமிரா, வீட்டுக்காரன் தூங்கையில உலகத்தை உதைக்கப் போயிருக்கு. நம்ம சர்க்காரும் அதுக்கப்புறம் முழிச்சுக்கிட்டு, 2025 ஏப்ரல் 9-ல இருந்து எஸ்டிக்யூசி சோதனையில தேறின காமிராவைத்தான் விக்கணும்னு சட்டம் போட்டிருக்கு. பழைய சரக்கு விலை மலிவாக் கிடைச்சுதுன்னு சிரிச்சியே, ஏன் மலிவுன்னு கேட்டியா?

இன்னொண்ணு. உன் பெட்டி தேதி காட்டுது பாரு, 2000-ம் வருசம் ஜனவரி ஒண்ணு. உள்ள இருக்கிற பொட்டுப் பாட்டரி செத்துப் போச்சு. நாளைக்கு லால்பஜார் போலீசு ஆபீசு வரைக்கும் போயி வழக்காச்சுன்னா, புதுச் சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுல சான்றிதழ் கேப்பாக, எந்தப் பெட்டி, எப்ப எடுத்தது, யாரு பொறுப்புன்னு. 2000-ல உன் தம்பி அரைக்கால் சட்டை போட்டிருந்தான், அப்பவே மாடிப்படியில எவளோடவோ ஏறினான்னா எழுதிக் குடுப்பே?

அக்கா பகல்ல தனியா இருக்காளேங்கிற பயந்தான் உனக்கு, அது எனக்குத் தெரியாதா? அதுக்குக் கல்கத்தாப் போலீசுலயே 'பிரணாம்'னு ஒண்ணு 2009-ல இருந்து நடக்கு. தனியா இருக்கிற வயசானவங்க பேரைப் பதிஞ்சு வச்சு, உதவிக்கு வருவாக. அக்காவையும் சேப்பாகளான்னு ஸ்டேசன்ல கேட்டு, ஒரு பாரம் பூர்த்தி பண்ணணும். நான் சொன்னதும் அவளே கேட்டா: 'அவுக வந்தா உக்காந்து பேசுவாகளா?' இந்தக் கேள்விக்கு உன் எட்டுச் சேனல்ல பதில் இருக்கா, தேடிப் பாரு.

ஞாயித்துக்கிழமை ஏணியை எடு. கூடத்துது, அடுப்பங்கரையது, பின்னறைப் பக்கத்துல இருக்கிறது, படிக்கட்டுல தம்பியைப் பாக்கது, மீன்தொட்டியைப் பாக்குதே ஒண்ணு, அதை எதுக்கு வச்சேன்னு எனக்கு இன்னமும் விளங்கலை, அஞ்சையும் கழட்டு. வாசலுக்கு ஒண்ணு, குழாய்க்கு ஒண்ணு, மொட்டைமாடிக் கதவுக்கு ஒண்ணு போதும். மொட்டைமாடியில வைக்கிறதுக்கு முன்னால மேல போயித் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளு, படமும் அவன் போனுல தெரியட்டும். பெட்டியைப் பரண்ல அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வை, காத்துக்கு மட்டும் இடம் விடு. ஏணியை நான் பிடிக்கேன். கூடத்துக் காமிரா கீழ இறங்கினாத்தான் காப்பின்னு அக்கா சொல்லிட்டா, அதனால அங்க இருந்தே ஆரம்பி.