பூசாத சுவர், கூசாத விலை

ரொறொன்ரோவின் லிபர்ட்டி வில்லேஜில் ஒரு லொஃப்ட் கொண்டோ விற்பனைக்கு வந்திருக்கிறது. எப்போது பார்த்தாலும் ஒன்று வந்திருக்கும். வீடு மாறும், விளம்பரம் மாறாது. பூச்சில்லாத செங்கல் சுவர். மூடாத கொங்கிரீட் கூரை. கூரையில் தொங்கும் தகரக் காற்றுக்குழாய். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கும் காலாற நடந்தே போகலாமாம்.

விலை ஆறு இலக்கம். முதல் இலக்கம் சின்னதல்ல.

ஊரில் ஒருவன் சுவர் பூசாமல் குடிபுகுந்தால் அயல் என்ன சொல்லும்? பாவம், மேசனுக்குக் கொடுக்கக் காசு முடிந்துவிட்டது என்று சொல்லும். இங்கே பூசாமல் விட்டதற்குத்தான் காசு.

உள்ளே போய்ப் பாருங்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றுங்கள், கடைசியில் மிஞ்சப்போவது அதுதான். படுக்கையறைக்கு யன்னல் இல்லை. வெளிச்சம் வரவேற்பறையிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகக் கடனாக வருகிறது. வாங்குகிறவரே முப்பது வருடக் கடனில் நிற்கும்போது, வெளிச்சம் மட்டும் ரொக்கத்திலா வரும்? பக்கத்தில் 'டென்' என்று ஒரு மூலை. மேசை போட்டால் கதிரை போட முடியாது. கதிரை போட்டால் ஆள் இருக்க முடியாது. குசினி என்பது ஒரு சுவர். அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். மீன் பொரித்தால் மெத்தையும் சேர்ந்து பொரியும்.

மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். அவற்றை யாரும் பிழியப் போவதில்லை. பிழிபடப் போகிறவர் இப்போதுதான் சப்பாத்தைக் கழற்றினார்.

கார் நிறுத்த இடம் தனி விலை. சாமான் வைக்கும் லொக்கர் தனி விலை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். உறுதி எழுதும்போது மாகாண அரசுக்கு ஒரு வரி. 2008 முதல் அதே உறுதிக்கு நகரசபைக்கும் ஒரு வரி. செங்கல்லைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் இன்னும் இலவசம்.

லொஃப்டிலும் இரண்டு சாதி உண்டு. முகவர்கள் 'ஹார்ட்' என்றும் 'சொஃப்ட்' என்றும் பிரிப்பார்கள். முதல் சாதி, உண்மையாகவே தொழிற்சாலையாக இருந்து வீடானது. இரண்டாவது, தொழிற்சாலை போலத் தெரிவதற்காகப் புதிதாகக் கட்டியது. ஒரு நாள்கூட ஒருவரும் வேலை செய்யாத தொழிற்சாலை. அதில் வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசேட சலுகை காத்திருக்கிறது. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு ஒன்ராறியோவில் வாடகை உயர்வுக் கட்டுப்பாடு கிடையாது. சுவர்தான் பழைய மோஸ்தர். சட்டம் புத்தம் புதுசு.

அசல் சாதியின் கதையும் கேட்கத் தகுந்தது. இங்குள்ள 'டோய் ஃபாக்டரி லொஃப்ட்ஸ்', இர்வின் டோய் என்ற பொம்மை நிறுவனம் இருந்த கட்டடம். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று கியூபெக் மாகாணம் சட்டம் போட்டது. அதை எதிர்த்து இந்த நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி 1989-இல் தோற்றது. விளம்பரத்தை எடைபோடும் பக்குவம் பிள்ளைகளுக்கு இல்லை, ஆகவே அவர்களைக் காக்க வேண்டும் என்பது சட்டத்தின் நியாயம். அதே கட்டடத்தில் இன்று பெரியவர்களுக்கு வீடு விற்கிறார்கள். அவர்களைக் காக்கச் சட்டம் எதுவும் வரவில்லை. பக்குவம் வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள் போலும்.

இந்தப் பேட்டையில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் சிறைச்சாலையும் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. 1915 வரை ஆண்களுக்கான மத்திய சிறை. 1880 முதல் 1969 வரை பெண்களுக்கான மேர்சர் சீர்திருத்தச் சிறை. விடுதலையாகி வெளியே வருகிறவர்கள் முதலில் கால் வைத்த தெரு என்பதால்தான் லிபர்ட்டி வீதிக்கு அந்தப் பெயர் என்பார்கள். 1939-இல் வெல்மா டெமர்சன் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணை மேர்சருக்கு அனுப்பினார்கள். அவர் செய்த குற்றம், ஒரு சீன இளைஞரோடு சேர்ந்து வாழ்ந்து கர்ப்பமானது. மாகாண அரசு மன்னிப்புக் கேட்க 2002 ஆயிற்று. இன்று அதே பேட்டையில் இளம் சோடிகள் சேர்ந்து வாழலாம், எந்தப் பொலிசும் வராது. இரண்டு சம்பளம் இல்லாமல் அங்கே வாழ முடியாது என்பதால், சேர்ந்து வாழாவிட்டால்தான் இப்போது தண்டனை. விளம்பரத்தில் செங்கல்லுக்கு ஒரு வரி உண்டு. சிறைக்கு ஒரு வரியும் இல்லை.

கொஞ்சம் கிழக்கே ஸ்பாடைனா வீதியில் துணி தைத்த பெண்கள் 1931-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வேலைக்கு நடந்து போனது காற்று வாங்க அல்ல. பக்கத்தில் குடியிருந்தார்கள், கையில் காசு இல்லை. பிறகு தையல் வேலை வேறு நாடுகளுக்குப் போயிற்று. 1996-இல் கிங் வீதிப் பகுதியின் தொழிற்சாலை நிலங்களுக்கு இருந்த கட்டுப்பாட்டை நகரசபை தளர்த்தியது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றவென்று திறந்த கதவால் கொண்டோ நுழைந்தது. தைத்தவளின் வேலை போயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்த கூரை மட்டும் 'வசீகரம்' ஆயிற்று.

எங்கள் தமிழ்ச் சனமும் அந்த நடையை நடந்ததுதான். எண்பதுகளில் வந்திறங்கியவர்கள் பக்கத்துப் பார்க்டேலிலும் சென் ஜேம்ஸ் டவுனிலும் ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்தெழும்பி, நகர உணவகங்களுக்கு நடந்துபோய்க் கோப்பை கழுவினார்கள். அப்போது அதற்குப் பெயர் வறுமை. வாடகை ஏற ஏற கிழக்குப் புறநகரான ஸ்காபரோவுக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு அதே நடைக்கு வீட்டு விளம்பரங்களில் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டார்கள். கடை எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறது என்பதற்குப் புள்ளி உண்டு. அந்தக் கடையில் ஒரு கோப்பிக்கு மேல் வாங்க உங்களால் முடியுமா என்பதற்குப் புள்ளி இல்லை.

நடக்கக்கூடிய தெரு ஏன் இத்தனை அருமையானது? அருமையாக்கி வைத்தார்கள், அதனால். 2023 மே வரை இந்நகரின் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதி தனிவீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. புறநகர்த் தெருக்களில் ஒரு மூலைக்கடை திறக்கக்கூடச் சட்டம் விடவில்லை. ஆறு வழிச் சாலையை வெட்டி, ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே பஸ் நிறுத்தத்தை நட்டு, பனியில் பால் பையோடு ஓர் அம்மம்மாவை ஓடவிட்டார்கள். நகரம் முழுவதிலும் நடையைச் சட்டவிரோதம் ஆக்கிவிட்டு, மிஞ்சிய நாலு தெருவை யானை விலை குதிரை விலைக்கு விற்கிறார்கள். இதற்குப் பெயர் சந்தையாம்.

அந்த லொஃப்டின் வாசல் கண்ணாடியைத் துடைப்பவர் எங்கிருந்து வருகிறார்? அந்தச் சம்பளத்தில் அங்கே குடியிருக்க முடியாது. ஸ்காபரோவிலிருந்து பஸ், சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார். 1985-இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ரயிலை 2023 நவம்பரில் மூடுவதாக இருந்தார்கள். ரயிலுக்கே பொறுமை இல்லை. ஜூலை 24 அன்று தடம் புரண்டது. பிறகு ஓடவில்லை. புதிய சப்வே வரும்வரை பஸ்ஸில் போகச் சொன்னார்கள். சனம் பஸ்ஸில் போகிறது. நடக்கக்கூடிய பேட்டை என்பது இதுதான்: சிலர் நடப்பதற்காக மற்றவர்கள் இடிபட்டு வருவது.

வீடு விற்பவர் நடைபாதையைப் போடவில்லை. ஸ்ட்ரீட்காரை அவர் ஓட்டவில்லை. பூங்காவுக்கு அவர் தண்ணீர் ஊற்றவில்லை. எல்லாம் ஊர்ப் பணம். ஸ்காபரோவின் பணமும் அதில் கிடக்கிறது. விலைச்சீட்டில் மட்டும் அது அவருடைய சொத்து.

இப்போது கொண்டோ சந்தை படுத்துவிட்டது. உடனே அரசுக்கு மனம் இளகிவிட்டது. வீதி, குழாய், போக்குவரத்து, பூங்கா எல்லாவற்றுக்கும் கட்டுநர்கள் நகரத்துக்குக் கொடுக்கவேண்டிய அபிவிருத்திக் கட்டணத்தை, ஆட்கள் குடிவரும்போது கட்டினால் போதும் என்று மாகாண அரசு 2025-இல் சட்டம் செய்தது. நல்லது. கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுப்பது தர்மம். அதே தர்மத்தை விடிகாலை பஸ்ஸில் ஏறும் துப்புரவுத் தொழிலாளியிடமும் காட்டிப் பார்க்கட்டும். போய்ச் சேர்ந்த பிறகு கட்டு என்று அவரிடம் ஒருவரும் சொல்வதில்லை. பிரெஸ்டோ பயண அட்டையை ஏறும்போதே தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அபராதம்.