பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்களேயன்றி, காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்கலாகாது என்று சொல்லவில்லை. என் பாட்டனார் மாட்டுத் தாவணிக்குப் போவாரானால், தரகன் தன் மாட்டின் குலம் கோத்திரமெல்லாம் சொல்லிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே, அதைக் காதில் வாங்காதவராய், மாட்டின் உதட்டைக் கட்டைவிரலால் விலக்கி, "நாலு பல்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் துண்டுக்கடியில் கையை நீட்டுவார். அதற்குப் பிறகு நடக்கும் பேரமெல்லாம் விரல்களுக்கிடையேதான். அவருடைய பேரனாகிய நான், மாட்டைப் பாலாகவும் தயிராகவும் மட்டுமே அறிந்தவன் என்றாலும், சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு, ஒரு ஸ்பேனரைக் காதோரம் வைத்து மெல்லத் திருகித் திருகி, அதன் பற்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். 72 இருந்தன. மாட்டுக்கு முன்வாயில் எட்டோடு தீர்ந்து போகிறது. பாட்டனார் பாடு எவ்வளவோ தேவலை.

ராட்செட் ஸ்பேனர் என்பது யாதென்று அறியாமலே ஆயுளைக் கழித்துவிட்ட பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். சாதாரண ஸ்பேனரை நட்டில் மாட்டி ஒரு திருகு திருகினால், கழற்றி எடுத்து மறுபடியும் மாட்டித்தான் அடுத்த திருகு திருக வேண்டும். இதுவோ, மாட்டியது மாட்டியபடி இருக்க, கை மாத்திரம் முன்னும் பின்னும் போய்வந்தால் போதும். முன்னே போகையில் நட்டைப் பிடித்துக்கொள்ளும், பின்னே வருகையில் 'கட கட கட' என்று விட்டுக் கொடுக்கும். சைக்கிளை மிதிக்காமல் இறக்கத்தில் விடும்போது பின்சக்கரத்தில் கேட்கிறதே, அதே சப்தம், அதே தத்துவம்: உள்ளே ஒரு பல் சக்கரம், அதன்மேல் ஸ்பிரிங்கால் அழுந்திக் கிடக்கும் ஒரு சிறு நாக்கு. இதற்குத் தமிழில் திருகுசாவி என்று பெயர் சொல்வாருண்டு. நானும் ஒருமுறை பாஷாபிமானம் மேலிட்டுக் கடையில் அப்படியே கேட்டேன். கடைப் பையன் மிகுந்த அனுதாபத்துடன், "பூட்டு திறக்கணும்னா எதிர் வாடையில் ஆள் இருக்கான் சார்" என்றான். அன்று முதல் ஸ்பேனர் என்றே சொல்லி வருகிறேன்.

எனக்கு ஸ்பேனர் இல்லாமலில்லை. 1955-ஆம் வருஷம் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்துக்காரரோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் புல்லட் பூட்டத் தொடங்கினார்களே, அந்த வம்சத்தைச் சேர்ந்த வண்டியொன்றை என் தகப்பனார் பல காலம் வைத்திருந்தார். வண்டி போய்விட்டது, அதன் ஸ்பேனர்கள் மட்டும் ஒரு சாக்குப் பையில் பரம்பரை ஆஸ்தியாக என்னிடம் வந்து சேர்ந்தன. அவை விட்வொர்த் அளவைச் சேர்ந்தவை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர், ஊருக்கொரு விதமாக இருந்த திருகுப் புரிகளையெல்லாம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்த மகானுபாவர். ஆனால் அவர் வழிவந்த ஸ்பேனர்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கால் அங்குலம் என்று பொறித்திருக்கும். வாயை அளந்து பார்த்தால் அரை அங்குலத்துக்கும் சற்று மேலேயே இருக்கும். தன் வாய் எவ்வளவு என்பதைச் சொல்லாமல், தான் பிடிக்கப் போகும் போல்ட்டின் உடம்பு எவ்வளவு என்பதைச் சொல்வது அவற்றின் சம்பிரதாயம். தன் சம்பளத்தைக் கேட்டால் மாமனாரின் நில புலன்களைச் சொல்லும் மாப்பிள்ளையைப் போல. அந்தக் கால் அங்குலக்காரனை என் வண்டியின் 13 மில்லிமீட்டர் நட்டில் மாட்டினால் மாட்டிக்கொள்ளத்தான் செய்கிறான். ஆனால் மயிரிழை கூடுதலாக இருப்பதால், பலமாக அழுத்தினால் நழுவி, நட்டின் மூலைகளை மழுக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவனைப் போல் கையோடு வந்துவிடுகிறான். என் வலது கை மொழியில் இருக்கும் தழும்பு அவன் கொடுத்த சீதனம்.

ஆகவே, திருவண்ணாமலைக்கு மோட்டார் சைக்கிளில் போவதென்று சங்கல்பம் செய்துகொண்டபோது, பிரயாணத்துக்கென்று நவீனமான உபகரணங்கள் சில வாங்குவதென்றும், ஆனால் காசை விரயம் செய்வதில்லையென்றும் சேர்த்தே முடிவு செய்தேன். இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று பகை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பாரிமுனையில் நடைபாதைக் கடையொன்றில், சிவப்பு ரெக்சின் உறைக்குள் எட்டு ராட்செட் ஸ்பேனர்கள் பளபளவென்று சயனித்திருந்தன. 900 ரூபாய் சொன்னதை 650-க்கு இறக்கினேன். ஒவ்வொன்றின் மேலும் 'குரோம் வனேடியம்' என்று ஆங்கிலத்தில் எழுத்துப் புடைத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. அந்த எஃகு உண்மையில் நல்ல எஃகுதான். ஆனால் அந்த எழுத்தைப் பொறிப்பதற்கு அந்த எஃகு தேவையில்லை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். லாரி நெற்றியில் 'கடவுள் துணை' என்று எழுதியிருப்பதைக் கொண்டு பிரேக்கின் யோக்கியதையை நிர்ணயிக்கலாகாது.

வீட்டில் என் மனைவி சமையலறைத் தராசில் உறையோடு வைத்துப் பார்த்தாள். ஒரு கிலோவும் சொச்சமும் இருந்தது. "இத்தனை இரும்பைச் சுமந்துகிட்டுப் போறவர், திரும்பி வரப்போ செஞ்சிப் பக்கம் ரெண்டு கிலோ மல்லாட்டை வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றாள். வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்பது அவள் பிறந்த சீமைப் பெயர்.

திண்டிவனம் தாண்டும் வரையில் ஒரு குறையும் இல்லை. செஞ்சிக்கு அப்பால், பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொட்டி வைத்தாற்போலிருக்கும் அந்தக் குன்றுகள் பின்தங்கியதும், வண்டியின் சைலன்சர் கடகடவென்று பேச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் நட்டு இளகியிருந்தது. எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே ஒளிக்கப் போவதில்லை. புதிதாகக் குடை வாங்கியவன் முதல் மேகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன். புளிய மரத்தடியில் அவித்த மல்லாட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, பொழுது போக வழி பிறந்ததென்று என்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

சைலன்சருக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம். 13-ஆம் நம்பரை மாட்டி அசைத்தேன். நட்டும் கூடவே முன்னால் வந்தது, கூடவே பின்னால் போயிற்று. 'கட' என்ற சப்தம் வரவேயில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. அந்த ஸ்பேனருக்குள்ளிருந்த சக்கரத்துக்கு 24 பல். அடுத்த பல்லில் நாக்கு விழவேண்டுமானால் கைப்பிடி 15 பாகை திரும்பியாக வேண்டும். 16 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் அது நாலு சென்டிமீட்டருக்கு மேலே. எனக்கு இருந்த இடமோ அதற்கும் குறைவு. 72 பல்லாயிருந்தால் 5 பாகை, அதாவது 14 மில்லிமீட்டர் அசைவில் காரியம் முடிந்திருக்கும். இந்த ஞானம் அந்தப் புளிய மரத்தடியில் எனக்கு இல்லை.

வண்டியின் மறுபக்கம் போய், மண்ணில் ஒருக்களித்துப் படுத்து, வேறொரு கோணத்திலிருந்து கையை விட்டு, ஸ்பேனரைப் புரட்டி மாட்டியதும் 'கட கட கட' என்று கேட்டதே, அந்த நாதத்துக்கு ஈடாக மார்கழிக் கச்சேரிகளில்கூட நான் எதுவும் கேட்டதில்லை. கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே திருகினேன். அடிக்கு அடி நட்டு இறுகி வருகிறது என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. கிழவி மட்டும் நெடுநேரம் பொறுத்திருந்து, "ஏம்பா, கடியாரத்துக்குக் குடுக்கிற மாதிரி சாவி குடுத்தாத்தான் இந்த வண்டி ஓடுமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்த க்ஷணத்தில் நட்டு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

விஷயம் இதுதான்: இந்த ஜாதி ஸ்பேனர்களில் இறுக்குவதற்கு ஒரு பக்கம், இளக்குவதற்கு மறு பக்கம், தோசையைப் போல் திருப்பிப் போட வேண்டும். நான் தவறான பக்கத்தை மாட்டியிருந்தேன். நான் வலம் சுற்றும்போதெல்லாம் அது வெறுமனே பாடியது. கையைப் பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம் ஓசையின்றி நட்டைக் கழற்றியது.

அவ்வழியே வந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, "நகருங்க சார்" என்று என்னைப் புறங்கையால் விலக்கிவிட்டு, துருப்பிடித்த சாதா ஸ்பேனர் ஒன்றால், ஒரு முறை மேல் பக்கமும் மறு முறை கீழ்ப் பக்கமுமாகப் புரட்டிப் புரட்டி மாட்டி, பீடி அணைவதற்குள் இறுக்கிவிட்டார். சாதா ஸ்பேனரின் வாய் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 பாகை சாய்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்து, வார்ப்பில் கோணிவிட்டது போலும் என்று எண்ணியிருக்கிறேன். ஆறு முகமுள்ள நட்டை 60 பாகைக்கு ஒரு முறைதான் பிடிக்க முடியும் என்ற விதியை, இப்படிப் புரட்டியே பாதியாகக் குறைத்துக்கொள்வதற்காகத்தான் அந்தச் சாய்வு என்று அன்றைக்கு விளங்கியது.

அப்புறம்தான் பாட்டனாரின் ஞாபகம் வந்தது. ஊர் திரும்பியதும் என் மெக்கானிக்கிடம் போய் முறைப்படி உபதேசம் பெற்றேன். "ராட்செட்டால எளக்காதீங்க சார், உள்ள நாக்கு போயிடும். மொதல்ல வாய்ப் பக்கத்தால ஒரு தட்டு தட்டி எளக்கிட்டு, அப்புறம் இதால சுத்தி எடுங்க. கடைசி இறுக்கும் அப்பிடித்தான்" என்றார். அந்தக் கடகடப்பு எல்லாம் நடுவில் வரும் சுற்றுக்கு மட்டும். முதல் பலமும் கடைசிப் பலமும் சாதா வாய்க்கே உரியவை. ஒரு நுனியில் சாதா வாயும் மறு நுனியில் ராட்செட் வளையமும் வைத்துச் செய்திருப்பதன் ரகசியம் அதுவே.

அவர் சொல்லிக் கொடுத்த இன்னொரு பரீட்சை விசேஷமானது. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு நட்டைக் கொண்டுபோக வேண்டும். அதை வளையத்துக்குள் விட்டு, மறு கையின் இரண்டு விரலால் பூப்போலப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரைப் பின்னுக்கு ஓட்ட வேண்டும். நட்டு விரலிலேயே நின்று ஸ்பேனர் மட்டும் கடகடத்தால் வாங்கலாம். நட்டும் கூடச் சுழன்றால் உள்ளே ஸ்பிரிங் முரடு, பாதி இளகிய நட்டைத் திரும்ப முடுக்கிவிடும், வேண்டாம். இந்தப் பரீட்சைக்காக இரண்டு வாரம் லிங்கிச் செட்டித் தெருவிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நட்டும் கையுமாகத் திரிந்தேன். நட்டுக்கு எங்கள் பக்கத்தில் மறை என்றும் பெயருண்டு. மறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறவனை மறை கழன்றவன் என்று வீட்டில் சொன்னால் அதை வசை என்று எப்படிக் கொள்வது?

கடைக்காரர்கள் பலவிதம். ஒருவர் 120 பல் உள்ளதைக் காட்டி, மூன்றே பாகையில் திரும்புமென்று ஆசை காட்டினார். பல் பெருகப் பெருக ஒவ்வொரு பல்லும் சிறுத்துக்கொண்டு போகுமென்பதும், மலிவு எஃகில் சிறு பல் சீக்கிரம் மழுங்குமென்பதும் என் கட்சி. மாட்டிடமும் மனிதரிடமும் பல் அளவாய் இருப்பதே அழகு. வேறொருவர், திருப்பிப் போடத் தேவையில்லாமல் திசை மாற்றும் சிறு நெம்புகோல் வைத்ததை எடுத்துப் போட்டார். விலை மலிந்த பொருளில் அசையும் உறுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆயுள் என்பதால் அதையும் விட்டேன். மேலும் அதன் தலை தடித்தது, என் இரண்டு விரற்கடைச் சந்துக்குள் நுழையாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியிலுள்ள போல்ட்டு நட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து ஜனத்தொகைக் கணக்கு எடுத்தேன். 10, 13, 17 என்னும் மூன்று நம்பர்களே ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆண்டன. அச்சு நட்டுக்கு வண்டியோடு வந்த பெரிய ஸ்பேனர் இருக்கிறது. எட்டில் ஐந்தை வீணாகத்தான் திருவண்ணாமலை வரை பிரதட்சிணமாகக் கொண்டுபோயிருக்கிறேன். மூன்றை மட்டும், பெயர் பெற்ற உள்நாட்டுச் சரக்காக, உதிரியாக வாங்கினேன். மூன்றும் சேர்ந்து 900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எடை 340 கிராம். எட்டு வாங்க 650, மூன்று வாங்க 900 என்ற கணக்கை நான் சிக்கனம் என்று விளக்கும்போதெல்லாம் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். இறுக்கும் பக்கத்தில் மட்டும் என் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். பாரிமுனைச் செட்டு இப்போது கட்டிலையும் மேஜையையும் முடுக்குகிறது. அந்த வேலைக்கு அது போதும்.

இவ்வளவு ஆயத்தமாக இரண்டாம் முறை போனபோது, என் வண்டியில் ஒரு நட்டும் இளகவில்லை. அதே புளிய மரம், அதே கிழவி. எதிரே அதே டிராக்டர், இம்முறை எஞ்சின் மூடி திறந்தபடி. அவருடைய துருப்பிடித்த ஸ்பேனர் வீட்டில் தங்கிவிட்டதாம். நான் மெத்த பவ்வியமாக என் 13-ஆம் நம்பரை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதே சார்" என்றார்; அந்த வார்த்தையின் மயக்கத்தில் நான் கிழவியிடம் மல்லாட்டை பேரம் பேசப் போய்விட்டேன். இரண்டு கிலோவையும் பையில் கட்டிக்கொண்டு திரும்புவதற்குள் டிராக்டர் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. அவர் மேல் தப்பில்லை. மட்கார்டின் மேல் வைத்து மறந்திருப்பார்.

செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், மட்கார்டின் மேல் ஸ்பேனரோடு ஒரு நீல டிராக்டர் போவதைக் காணும் அன்பர்கள் தயவு செய்து நிறுத்திக் கேட்கவும். சிவப்புப் பொட்டு வைத்தது. பல் 72, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.