எட்டாம் நம்பர் ஏறியாச்சு

ஹாங்காங்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். டிவியில் இங்கத்துப் புயலைக் காட்டியிருப்பார்கள். பயப்படாதீர்கள். இந்த ஊரில் புயலுக்குப் பயப்படுகிறவர்களைவிட அதற்காக ஏங்குகிறவர்கள்தான் அதிகம்.

நம் கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிற மாதிரி இங்கேயும் நம்பர் உண்டு: 1, 3, 8, 9, 10. ஐந்து, ஆறு, ஏழெல்லாம் தனித்தனியாக இருந்தவைதான். 1973-இல் அவற்றையும் எட்டுக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். நம்மூரில் பத்தாம் நம்பர் ஏற்றினாலும் நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அலை பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். இங்கே எட்டு ஏறினால் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் மூடல். பங்குச்சந்தை மட்டும் 2024-லிருந்து புயலிலும் நடக்கிறது. பணத்துக்கு ஏது காற்று, மழை?

வேடிக்கை என்னவென்றால், எட்டு ஏற்றப்போவதை வானிலை மையம் இரண்டு மணி நேரம் முன்பே அறிவித்துவிடும். அறிவிப்பு வந்த நிமிஷம் ஊர் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கும். என் பக்கத்து சீட்டுக்காரர் பையின் ஜிப்பை மத்தியானமே மூடி வைத்திருந்தார், அனுபவஸ்தர்.

துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெரி நிற்கும். 1904-லிருந்து ஓடுகிற டிராமும் ஷெட்டுக்குப் போய்விடும். பஸ்கள் கடைசி நடை. சுரங்க ரயில் மட்டும் ஓடும். ஒன்பது ஏறினால் அதிலும் வெளியே தரைக்கு மேல் ஓடும் பாதைகள் நின்றுவிடும். ஆக, மொத்த ஜனமும் பூமிக்குள்தான்.

அட்மிரால்டி ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் வாசலிலேயே வரிசை. அத்தனை கூட்டத்திலும் ஒருவரும் இடிக்கவில்லை, சத்தமில்லை. எனக்குத்தான் முழங்கை பரபரத்தது. சிப்பந்தி ஒருவர் கையில் பலகையைத் தூக்கிப் பிடித்து, அடுத்த வண்டிக்கு நில்லுங்கள் என்கிறார். அந்த வண்டி வந்தால் மறுபடி அதே பலகை. என் முன்னால் ஒரு பாட்டி, புயலுக்கு முன் விலை ஏறிப்போன கீரையைக் கட்டுக்கட்டாக வாங்கியிருந்தார். கதவு மூடியதும் கீரைத்தண்டு என் மூக்குக்கு நேராக. துறைமுகத்துக்கு அடியில் முழு தூரமும் தும்மலை அடக்கிக்கொண்டே வந்தேன்.

சிம் ஷா சுய்யில் மேலே வந்தால் குடை பிடித்தவர்கள் கையில் வெறும் கம்பிதான் மிச்சம். ஒரு டாக்சியை மறித்தேன். நான் மீட்டரைக் காட்டினேன்; அவர் வானத்தைக் காட்டினார். பிறகு வாடகைக்கு விரல்களைக் காட்டினார். எட்டு ஏறினால் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கு நின்ற நாட்கள் ஞாபகம் வந்து மனசு குளிர்ந்துவிட்டது. நடந்தே வீடு போனேன்.

இவ்வளவு அடித்துப்பிடித்து வீடு சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பாதிப்பேர் கீழே மாலில் சினிமா பார்க்கப் போய்விட்டார்கள்.

லீ கா-ஷிங் என்ற கோடீஸ்வரர் ஊரைச் சுற்றி மாயக் கவசம் போட்டு, வேலை நாளில் மட்டும் புயலைத் தடுத்துவிடுகிறார் என்று இங்கே ஒரு கேலிப்பேச்சு உண்டு. நேற்றுவரை சிரித்தேன். இன்று காலை பத்து மணிக்கு, வெங்காயம் நறுக்கி பஜ்ஜி மாவு கரைத்து வைத்த நேரத்தில், எட்டை இறக்கி மூன்று போட்டுவிட்டார்கள். மேனேஜரிடமிருந்து உடனே செய்தி: இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் சீட்டில் இருக்க வேண்டுமாம்.

ஷூ இன்னும் காயவில்லை. கிளம்புகிறேன். சித்திக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உங்கள் குமார்